தெனிங் செங்கோர் யாரையும் நம்புவதில்லை

தெனிங் அத்தை ஒருவரைச் சந்தேகப்பட அந்த ஆள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. காலையில் ஸலாம் சொன்னால் போதும். "வழக்கமா உறுமிட்டுப் போறவன் இன்னைக்கு வாயத் திறக்கிறான்னா, எங்கயோ எதையோ சொல்லிட்டு வந்திருக்கான்" என்பாள். சொல்லாமல் போனால், "பாத்தியா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறான், உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு" என்பாள். எங்கள் ஃபராங்கோ துறையில் இந்த இரண்டில் ஒன்றைச் செய்யாமல் அவளுடைய மீன் அடுப்பைத் தாண்ட முடியாது. நான் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் பார்த்தேன். கூடையில் கால் இடறி, போங்கா மீன் குவியல் மேல் விழுந்தேன். "நடிக்கிறா" என்றாள்.

மீனைப் புகை போட்டு விற்பது அவள் தொழில். காலையில் படகு வந்ததும் கூடை கூடையாக வாங்கி, கம்பித் தட்டில் அடுக்கி, அடியில் விறகைப் புகைய விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். கண் எப்போதும் சிவந்தே இருக்கும். அழுதாளா, புகையா என்று யாருக்கும் தெரியாது. அதற்காகவேதான் இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறாள் என்பது என் கணக்கு.

டீ விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் பக்கம் கரி அடுப்பில் சின்னக் கெண்டியை வைத்து, ஒரே இலையில் மூன்று சுற்று டீ ஊற்றுவோம். முதல் சுற்று கசப்பு, மூன்றாவது சுற்று வெறும் சர்க்கரைத் தண்ணீர். எல்லோரும் முதல் சுற்றுக்கு அடித்துக்கொள்வார்கள். அத்தை மூன்றாவதைத்தான் குடிப்பாள். மற்றவர்கள் இரண்டு சுற்று குடித்துவிட்டுச் சாகாமல் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவாள்.

அவள் செரேர். சலூம் தீவுக்காரி. பத்தொன்பது வயதில் லாதிர் மாமாவின் படகில் மணப்பெண்ணாக இங்கே வந்து இறங்கினாள். நான் ஜோலா. இந்த இரண்டு இனத்துக்கும் நடுவில் ஒரு கேலி முறை உண்டு. ஒரு காலத்தில் அக்கா தங்கை இரண்டு பேர் ஒரே படகில் போனார்களாம். புயலில் படகு இரண்டாகப் பிளந்து, ஒருத்தி வடக்கே ஒதுங்கினாள், ஒருத்தி தெற்கே. ஒருத்தி பெற்றது செரேர், இன்னொருத்தி பெற்றது ஜோலா. அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் திட்டலாம். கோபப்படக் கூடாது. ஒருவர் வாய் திறந்து கேட்டதை மற்றவர் இல்லை என்று சொல்லக் கூடாது. ஒருவரால் மற்றவர் ரத்தம் சிந்தவே கூடாது. எல்லாம் சரி, யார் யாருக்கு எஜமான் என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. அத்தையைக் கேட்டால் நான் அவளுடைய அடிமை. என்னைக் கேட்டால் அவள்தான்.

"வாடி என் சோத்து மூட்டை! உங்க வீட்டுல அரிசி தீந்துடுச்சா, இங்க மோப்பம் பிடிக்க வந்துட்டே?"

"இல்ல அத்தை, என் அடிமை உசுரோட இருக்காளான்னு பாக்க வந்தேன். செத்துட்டா இந்த அடுப்பை நான் எடுத்துக்கணும்ல?"

"எடுத்துப்பே, எடுத்துப்பே. உங்க ஆளுங்க அடுப்பை அரிசிப் பானைன்னு நெனச்சு நக்கிப் பாப்பீங்க."

ஒருநாளைக்கு நாலு தடவை இப்படிப் பேசவில்லை என்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

லாதிர் மாமா படகுக்காரர். கேலி பேசுவதில் அத்தைக்கே அவர்தான் வாத்தியார். ஒரு தேர்தல் வருஷம், துறையில் மீனவர்கள் கூடியிருந்தபோது, சுவரில் ஒட்டியிருந்த ஜனாதிபதியின் படத்தைப் பார்த்து, "இவர் படத்தை வலைக்குப் பதிலாப் போட்டா ஒரு மீனாவது பயந்து கரைக்கு வரும்" என்று சொல்லிவிட்டார். முப்பது பேர் சிரித்தார்கள். அதில் யாரோ ஒருவன் சிரித்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறான். நாலாம் நாள் கறுப்புக் கண்ணாடி வைத்த வண்டி ஒன்று மணலில் வந்து நின்றது. மாமா வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக்கூடக் கீழே வைக்க விடவில்லை.

அப்போது எனக்கு ஆறு வயது. அதற்கப்புறம் பதினோரு வருஷம் அவரைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. அத்தை விதவையும் இல்லை, புருஷன் உள்ளவளும் இல்லை. பள்ளிவாசல் இமாம் ஒருமுறை மெதுவாக, "நாலு மாசம் பத்து நாள் துக்கம் இருந்துடேன்மா, மனசுக்கு நல்லது" என்றார். "துக்கம் இருந்தா அவர் செத்துட்டார்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி. உங்ககிட்ட இதை யாரு கேக்கச் சொன்னா?" என்றாள். அன்றிலிருந்து இமாமும் பட்டியலில் சேர்ந்தார். அன்று சிரித்த முப்பது பேரும் ஏற்கெனவே அதில் இருந்தார்கள்.

கடைசியில் ஒரு தேர்தலில் தோற்று, ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடிப்போனார். ஊரே தெருவில் ஆடியது. அத்தை ஆடவில்லை. "ஓடினவன் திரும்பி வரமாட்டான்னு யாரு எழுதிக் கொடுத்தது? இப்ப ஆடுறவன் பேரையெல்லாம் எவனாவது குறிச்சு வச்சுக்கிட்டிருப்பான்" என்றாள். ஓடினவர் எங்கள் ஜோலா இனம். அதனால் எங்கள் கேலியில் ஏதோ ஒன்று நெருட ஆரம்பித்தது. முன்பு "நீங்க சோத்துக்குச் சாவுற ஜாதி" என்று ஒரு செரேர் சொன்னால் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். இப்போது சொன்னவரும் கேட்டவரும் ஒரு நொடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பிறகுதான் சிரித்தார்கள். அத்தை மட்டும் நிறுத்தவில்லை. "இவங்களைத் திட்டாம விட்டா நான் பயந்துட்டேன்னு நெனைப்பாங்க" என்றாள்.

அப்புறம் தலைநகர் பாஞ்சூலிலிருந்து, பழைய ஆட்சியின் கொடுமைகளை விசாரிக்கிற உண்மை ஆணையத்தின் வெள்ளை வண்டி வந்தது. வாக்குமூலம் எழுத வந்த பெண்ணின் பெயர் பெந்தா. சின்ன வயசு. ஒலிப்பதிவுக் கருவியைக் கூடைமேல் வைத்தாள்.

"உங்க பேரு சொல்லுங்கம்மா."

"தெரியாமலா என் வீட்டைத் தேடி வந்தே?"

"பதிவுக்காகத்தான் கேக்குறேன்."

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் வந்து, படகுப் பதிவுக்குன்னு சொல்லித்தான் என் வீட்டுக்காரர் முழுப் பேரைக் கேட்டான். நான்தான் சொன்னேன். தப்பில்லாம எழுதட்டும்னு ரெண்டு தடவை சொன்னேன்."

பெந்தா பேனாவை மூடினாள். அத்தை விடவில்லை.

"இப்ப நீ சொல்லு. உங்கப்பா யாரு? அந்த ஆட்சியில எங்க வேலை பாத்தார்? எந்தத் தெரு? வீட்டுக்குக் கூரை எப்ப போட்டீங்க?"

பெந்தா ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். அப்பா தபால் நிலையம். கூரை இன்னும் ஒழுகுகிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கருவி ஓடிக்கொண்டே இருந்தது. அன்று ஆணையத்துக்குக் கிடைத்தது பெந்தாவின் வாழ்க்கை வரலாறு. ஆனால் மறுநாளும் அவள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். நாலாம் நாள் அத்தை தானாகவே சொன்னாள்: "எனக்கு உங்க பணம் வேண்டாம், மருந்து வேண்டாம். அவரை எங்க போட்டாங்கன்னு தெரியணும். அது மட்டும்தான். சொல்றவன் பொய் சொல்றானா இல்லையான்னு நான்தான் பாப்பேன். நீங்க இல்ல."

பெந்தா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அத்தை என்னை அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அத்தைக்கு அந்தத் துறையில் படித்த அடிமை நான் ஒருத்திதான்.

இந்த இடத்தில்தான் என் மாமா வருகிறார். தெம்போ மாமா, என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அந்தக் கறுப்புக் கண்ணாடி வண்டிகளில் ஒன்றை ஓட்டினவர். எந்த வண்டி, எந்த நாள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. சோற்றுக்குக் குழம்பு ஊற்றும்போது பேச்சு அந்தப் பக்கம் போனால் அம்மா தட்டைத் தட்டுவாள். ஆட்சி போனதும் எல்லை தாண்டிக் கஸமான்ஸுக்குப் போய், இரண்டு வருஷம் கழித்து ஒரு பழைய வேனோடு திரும்பி வந்திருந்தார். துறைக்கும் சந்தைக்கும் ஆள் ஏற்றினார். அத்தை ஒருநாளும் அந்த வேனில் ஏறினதில்லை. ஆறு மைல் நடந்து போவாள்.

ஆணையம் எங்கள் ஊரிலேயே உட்கார்ந்து விசாரிக்கப் போகிறது, தெம்போ மாமா பேச ஒத்துக்கொண்டிருக்கிறார் என்று செய்தி வந்த வாரம், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் அவரும் ஊர்த்தலைவரும் அத்தையின் அடுப்புக்கு வந்தார்கள். நான் விறகு அடுக்குகிற மாதிரி நின்றுகொண்டேன்.

மாமா தொப்பியைக் கழற்றிவிட்டு, மீன் செதில் கிடந்த தரையிலேயே உட்கார்ந்தார்.

"எசமானியம்மா, உன் அடிமை வந்திருக்கேன்."

இதற்கு ஒரு செரேர் உடனே, "இவ்வளவு நேரம் எந்தப் பானைக்குள்ள கிடந்தே?" என்று பாய வேண்டும். அத்தை பாயவில்லை. ஒவ்வொரு மீனாகத் திருப்பிப் போட்டாள். ஒரு தட்டு முழுக்கத் திருப்பினாள். பதிலுக்குத் திட்டாத செரேரை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஊர்த்தலைவர் இருமினார். "தெனிங், ஒரு ஜோலாக்காரன் தரையில உக்காந்து கேக்குறான். இல்லைன்னு சொல்லக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

"கேக்கட்டும். என்ன கேக்குறான்?"

"அடுத்த வாரம் மேடையில பேசப் போறான். அதுக்கு முன்னாடி மன்னிச்சேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"சொல்லிட்டா?"

"மன நிம்மதி."

"அவனுக்கா, எனக்கா?"

ஊர்த்தலைவர் மறுபடி இருமினார். பாதிக்கப்பட்டவர் மன்னித்துவிட்டால் ஆணையம் தண்டனை வேண்டாம் என்று பரிந்துரைக்கலாம் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்குத் தெரியாமல் இருக்குமா?

அவள் மாமாவைப் பார்த்தாள். "என்னடா செஞ்சே நீ? அதைச் சொல்லாம மன்னிப்பு கேக்குறது, கூடையத் திறந்து காட்டாம மீனை விக்கிற மாதிரி இருக்கு."

"வண்டி ஓட்டினேன்க்கா. அவ்வளவுதான். இறக்கச் சொன்ன இடத்துல இறக்கினேன்."

"எந்த இடம்?"

"மேடையில சொல்றேன்."

"இப்ப என்னமோ சொன்னியே, நீ என் யாருன்னு?"

"அடிமை."

"தலைவரே, கேட்டுக்கிட்டீங்களா? நீயும் கேட்டியாடி?" அத்தை கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப எழுந்திரு. உன் வேனை எடு. அவரை எங்க இறக்கினியோ அங்க என்னை இறக்கு."

"தெனிங், அதெல்லாம் ஆணையம் பாத்து..." என்று ஊர்த்தலைவர் ஆரம்பித்தார்.

"செரேர் ஒருத்தி கேக்குறா. ஜோலாக்காரன் இல்லைன்னு சொல்லக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

மாமாவின் முகம் சாம்பலாகிவிட்டது. அந்தக் கேலி முறையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவர், இப்போது அதே முறையில் மாட்டிக்கொண்டு இறங்க முடியாமல் விழித்தார். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "நீயும் ஏறு. உன் மாமன் என்னையும் எங்கயாவது போட்டுட்டா, ஊருக்கு வந்து சொல்ல ஒரு ஆள் வேணும்."

"நான் அவர் மருமக. வந்து உண்மையச் சொல்வேன்னு எப்படி நம்புறே?"

"எங்க நம்பினேன்? அதான் பக்கத்துலயே உக்கார வைக்கிறேன்."

மூன்று பேரும் முன் சீட்டிலேயே உட்கார்ந்தோம். தார்ச்சாலையை விட்டுச் செம்மண் பாதையில் இறங்கினோம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அத்தை தன் துணியின் முனையில் ஒரு முடிச்சுப் போட்டாள். வலப்பக்கம் திரும்பினால் வலது முனை, இடப்பக்கம் என்றால் இடது முனை. முந்திரித் தோப்பு வந்தது. பழைய சோதனைச் சாவடி வந்தது. இப்போது அங்கே ஆள் இல்லை, ஒரு பெண் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்து ஏதாவது கோமாளித்தனம் செய்யலாமா என்று இரண்டு தடவை யோசித்துவிட்டு மூடிக்கொண்டேன்.

சாவடி தாண்டியதும் ஒரு பெரிய பள்ளம். வேன் தூக்கிப் போட்டது. அத்தையின் தலை கூரையில் இடித்தது. வலியில், முப்பது வருஷப் பழக்கத்தில், வாய் தானாகவே திறந்துகொண்டது.

"படகு ஓட்டத் தெரியாத ஜாதிக்கு வண்டி எதுக்குடா! உங்க கிழவி துடுப்பைத் தலைகீழாப் பிடிச்சுத்தானே படகே உடைஞ்சுது!"

மாமா பிரேக்கை மிதித்தார். என்ஜின் நின்றுவிட்டது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அத்தையின் கை கதவுப் பிடிக்குப் போனது. "ஏன் நிறுத்தினே?"

"அவரும் இதைத்தான் சொன்னார்."

"யாரு?"

"இதே பள்ளம். அப்ப இன்னும் பெருசா இருந்துச்சு. பின்னால கையக் கட்டிப் போட்டிருந்தாங்க. என் பேச்சை வச்சே நான் ஜோலான்னு கண்டுபிடிச்சுட்டார். கிழவி, துடுப்பு, எல்லாம் சொன்னார். கூட வந்த ரெண்டு பேருக்கும் நம்ம கேலி தெரியாது, ஆனாலும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சுக்கா."

அத்தை கதவுப் பிடியை விடவில்லை.

"சாவடியில யாரும் நிறுத்தலையா?"

"திரும்பி வந்தோம்க்கா. முதல்ல சாவடியத் தாண்டிட்டோம், அப்புறம் ஏதோ தாளு வாங்கணும்னு திரும்பி சாவடிக்கே வந்தோம். அவங்க ரெண்டு பேரும் இறங்கி உள்ள போனாங்க. வண்டியில அவரும் நானும் மட்டும். பின்கதவைத் திறக்கிற கொக்கி என் சீட்டுக்குக் கீழ. அவர் மெதுவா சொன்னார்: 'டேய் அடிமை, உன் எசமான் கேக்குறேன். கதவைத் திற.' ஒருதடவைதான் சொன்னார். கேலியாச் சொல்லல."

"நீ?"

"ரேடியோவைச் சத்தமா வச்சேன்."

வெளியே ஒரு ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. நான் என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவின் அண்ணன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்க்கப் போனவர்.

அத்தை கேட்டாள்: "ரேடியோவுல என்ன?"

"கால்பந்து."

"யாருக்கும் யாருக்கும்?"

"தெரியாதுக்கா. நான் கேக்கல. சத்தம் மட்டும் இருந்துச்சு."

அவள் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். மீன் கெட்டுப்போயிருக்கிறதா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அப்படி. பிறகு கையைக் கதவுப் பிடியிலிருந்து எடுத்தாள். "பொய் சொல்றவன் ரெண்டு அணி பேரையும் சொல்லியிருப்பான், யாரு ஜெயிச்சான்னும் சொல்லியிருப்பான். வண்டிய எடு."

இடம் என்று மாமா காட்டியது ஒரு கரையான் புற்று. தோப்பின் கடைசியில், என்னைவிட உயரமாக நின்றது. அதற்கு மேற்கே எட்டடி. மாமா இறக்கிவிட்டதோடு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாராம். சத்தம் கேட்டதாம். பிறகு மண்வெட்டிச் சத்தம். அத்தை தரையில் உட்கார்ந்து மண்ணைத் தொடவில்லை, அழவில்லை. புற்றைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே இவ்வளவு உயரமா?"

"இல்லக்கா. இடுப்பு வரைக்கும்தான்."

"ம்." கடைசி முடிச்சைப் போட்டு இறுக்கினாள். "ரேடியோ வச்சதை மேடையில சொல்வியா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "இடத்தைச் சொல்றேன். கூட வந்தவங்க பேரைச் சொல்றேன். அது மட்டும் வேண்டாம்க்கா. ஓட்டுநர் மட்டும்தான்னு எழுதிக் கொடுத்திருக்கேன். கொலை செஞ்சவனைக்கூட எங்க ஆளுங்க ஒருநாள் சேத்துப்பாங்க. செரேர் கேட்டு ஜோலா மறுத்தான், அதுல ஒரு உசுரு போச்சுன்னா, என்கூட ஒரே தட்டுல கை வைக்க ஆள் இருக்காது. என் பிள்ளைங்களோடயும்."

"அதைத்தான் நான் கேக்குறேன்" என்றாள் அத்தை.

அந்த வாரம் முழுக்க அவள் என்னைத் திட்டவில்லை. ஒருநாள் அவளுடைய வாளியில் உயிர் நண்டு ஒன்றைப் போட்டு வைத்தேன். கையை விட்டாள், நண்டு கவ்வியது, மெதுவாகப் பிரித்து எடுத்து, "இதைக் கொண்டுபோய்த் தண்ணியில விடும்மா" என்றாள். அம்மாவாம்! என்னை நண்டு கவ்வியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மறுநாளிலிருந்து அவள் வருவதற்கு முன்னாலேயே போய் விறகைப் பிளந்து வைத்தேன். யார் வைத்தது என்று அவள் நாலு பேரைச் சந்தேகப்பட்டாள். என்னை மட்டும் சந்தேகப்படவில்லை.

விசாரணை நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் போட்டார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வயரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆணையர்கள் மூன்று பேர் உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஆற்றின் மேல்பக்கத்துக் கிழவர். முன்வரிசையில் எங்கள் ஜோலாப் பெரியவர்கள், தொப்பியைச் சரி செய்துகொண்டு. அத்தை கடைசி வரிசையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "முதுகுக்குப் பின்னால யாரும் இருக்கக் கூடாது."

மாமா கஞ்சி போட்ட நீள அங்கியில் வந்தார். தாளைப் பார்த்துப் படித்தார். உத்தரவு. வண்டி. தேதி. இரண்டு பேரின் பெயர். சாவடி. தோப்பு. கரையான் புற்று. "நான் ஓட்டுநர் மட்டும்தான். வருந்துகிறேன்." படித்து முடித்துத் தாளை மடித்தார்.

ஆணையத்தின் வழக்கறிஞர் கேட்டார்: "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

"இல்லை ஐயா."

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"டேய் அடிமை!"

கூடாரம் முழுக்க ஒரே சிரிப்பு. செரேரும் ஜோலாவும் சேர்ந்து அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. வழக்கறிஞர் எழுந்தார். "அம்மா, உட்காருங்கள். இங்கே இப்படியெல்லாம் கூப்பிடக் கூடாது."

நடுவில் இருந்த கிழவர் கையை உயர்த்தினார். "அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நாம வர முடியாது தம்பி. நீங்க உக்காருங்க."

அத்தை நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்தாள். பிறகு சாதாரணமாக, பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"உன் எசமானி கேக்குறேன். கதவைத் திற."

அது என்ன என்று அங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும். மாமா மேடையின் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசைப் பெரியவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. விலக்கினால் அவர் சொல்லாமல் இருந்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. சொன்னால் எங்கள் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதும் தெரிந்துதான் இருந்தது.

அவர் சொன்னார். பள்ளம், துடுப்பு, சாவடி, கொக்கி. "ரேடியோவைச் சத்தமா வச்சேன்" என்று முடித்தபோது ஒலிபெருக்கி மட்டும் உய்யென்று இரைந்தது. எங்கள் பெரியவர்களில் மூத்தவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் கவிழ்த்தார். பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். என் அம்மா எழுந்து கூடாரத்தை விட்டுப் போனாள்.

வழக்கறிஞர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, இவரை நீங்கள் மன்னிக்கிறீர்களா?"

கேமரா கிட்டே வந்தது.

"நம்புறேன்" என்றாள் அத்தை.

"மன்னிக்கிறீர்களா என்று கேட்டேன்."

"காது நல்லா கேக்குது தம்பி. அவன் சொன்னதை நம்புறேன்னு சொன்னேன். பதினோரு வருஷத்துல ஒரு ஆள் சொன்னதை நான் நம்புறது இதுதான் முதல்தடவை. இன்னைக்கு என்னால இவ்வளவுதான் முடியும். மத்ததை அப்புறம் வந்து கேளுங்க. கேமரா இல்லாம."

படம் எடுக்கிறவர் இரண்டு பேரும் கை கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னை யாருப்பா அனுப்பினது?" அவர் கேமராவை இறக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஆணையத்தின் ஆட்கள் தோப்பில் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்தார்கள். சல்லடை, தூரிகை, கையுறை. பெந்தாவும் வந்திருந்தாள். இடம் காட்ட மாமாவைக் கூட்டி வந்திருந்தார்கள். வெயில் ஏற ஏற அவர் புற்றுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். தோண்ட வந்த கூலிக்காரர்களில் நாலு பேர் எங்கள் ஆட்கள். யாரும் அவர் நிழலில்கூட நிற்கவில்லை. நான் கிட்டே போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கல்லை உருட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தை மரத்தடியிலிருந்து கத்தினாள்.

"அங்க என்னடி கல்லுக்குத் தாலாட்டு பாடுறே, சோத்து மூட்டை! உன் மாமனுக்குத் தண்ணி கொண்டு போய்க் கொடு. அவன் மயங்கி விழுந்துட்டா எட்டடி எந்தப் பக்கம்னு எனக்கு யாரு சொல்றது?"

நான் ஓடினேன். தண்ணீர்ப் பையைப் பல்லால் கடித்துத் திறந்து மாமாவிடம் நீட்டினேன். அவர் பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். மீதியைக் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை அத்தை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கயிற்றருகே வந்து நின்றாள்.

"சரி, தோண்டுங்க" என்றாள்.